திண்ணனூர் நாட்டு ஒற்றையடிப் பாதைகள்

நாமக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில், பாறையைக் குடைந்து நரசிம்மருக்குக் கோயில் கண்டிருக்கும் அந்தத் திருத்தலத்தில், மார்கழி மாதத்து விடியற்பனி இன்னும் கலையாதிருந்த வேளையில், நாமகிரித் தாயாரின் சந்நிதி முன் கை கூப்பி நின்றபோது, என் நினைவு தெய்வத்தின்பால் சென்றது போலவே அத்தெய்வத்தைக் குலதெய்வமாகக் கொண்டிருந்த ஒரு குடும்பத்தின்பாலும் சென்றது. 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, 32 வயதிலேயே மறைந்துபோன கணித மேதை இராமானுஜன், தமக்குத் தோன்றிய சூத்திரங்கள் இத்தாயாரின் அருளால் வந்தவை என்று நம்பினார். 1914-இல் கடல் கடந்து இங்கிலாந்து செல்லுமுன் இத்தலத்துக்கு வந்து தங்கி உத்தரவு பெற்றே புறப்பட்டார் என்றும் சொல்லுவர். கொல்லிமலைக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் நாமக்கல்லில் பேருந்து மாறுவது வழக்கம்; நாங்கள் பேருந்து மாறியதோடு சந்நிதியிலும் சிறிது நேரம் நின்றதற்குக் காரணம், என் கூட வந்த பிள்ளை.

அவன் என் தங்கை மகன். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் மறையீட்டியல் பயில்கிறான். அதாவது, ஒருவர் எழுதியதை உரியவர் தவிர வேறெவரும் படிக்க இயலாதபடி மாற்றி அனுப்பும் சாஸ்திரம். முன்னாளில் இது அரசர்களுக்கும் சேனாபதிகளுக்கும் தூதர்களுக்கும் மட்டுமே வேண்டியிருந்த வித்தை. இன்றோ, கைப்பேசியில் பணம் அனுப்புகிற காய்கறிக்காரி முதல், மருத்துவமனையிலிருந்து பரிசோதனைச் சீட்டை வாங்கிப் பார்க்கும் நோயாளி வரை, தாம் அறியாமலே நாள்தோறும் அனைவரும் கைக்கொள்ளும் வித்தையாகிவிட்டது. கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டில் குடியேறியிருக்கும் என் பழைய நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற ஆசிரியர், பல முறை அழைத்தும் போகாதிருந்த குறையைத் தீர்த்துக்கொள்ள நான் புறப்பட்டபோது, "நானும் வருகிறேன், மாமா, ஒரு வாரம் கணினியின் முகத்தில் விழிக்காமல் இருக்க வேண்டும்" என்று அவனும் சேர்ந்துகொண்டான். கணினியை விட்டுவிட்டு வந்தானேயொழிய, கணக்கை அவனால் விட்டுவிட்டு வர முடியவில்லை. அதனால் எனக்கு வாய்த்த லாபமே இக்கட்டுரை.

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு வருகிற சாலையில் புதன்சந்தை என்னும் ஊர் இருக்கிறது. மாட்டுச் சந்தைக்குப் பேர் பெற்ற ஊர். நம் நாட்டு மாட்டுச் சந்தைகளிலே தரகர்கள் விலை பேசுகிற முறையைப் பார்த்திராதவர்கள் ஒரு முறையேனும் பார்க்க வேண்டும். வாங்குகிறவனும் விற்கிறவனும் எதிரெதிரே நின்று, கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரல்களைப் பிடித்தும் விட்டும் தொகையைச் சொல்ல, சுற்றிலும் நூறு பேர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் விலை இன்னதென்று அவர்களில் ஒருவருக்கும் தெரிவதில்லை. சொல்லாலும் இக்காரியத்தைச் செய்த மரபு நமக்கு உண்டு. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் குழூஉக்குறி என்று இலக்கண ஆசிரியர்களால் உதாரணம் காட்டப்படுவதை நன்னூல் படித்தவர் அறிவர். ஒரு கூட்டத்தாரின் ரகசியப் பேச்சுக்கு இலக்கணத்திலேயே ஓர் இடம் வகுத்துக் கொடுத்த மொழி நம் மொழி.

ஆனால் இவ்விரண்டு முறைகளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. துண்டுக்குள் விரல் பிடிக்க இருவரும் நேரில் நிற்க வேண்டும். குழூஉக்குறி பேச முன்கூட்டியே ஒரு கூட்டத்தாராக இருந்திருக்க வேண்டும். ஒருவரையொருவர் கண்டறியாத இருவர், ஊரார் அனைவரும் கேட்டுக்கொண்டிருக்கும் வெளியிலே உரத்துப் பேசியே தமக்குள் மட்டும் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியுமா என்றால், முடியாது என்பதே சரித்திரம் முழுவதும் அறிஞர்களின் அபிப்பிராயமாக இருந்தது. 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்கர் இருவர் முடியும் என்று காட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்ற மூவர், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கி வந்த தொகையை மட்டும் பார்த்து அவ்விரண்டையும் மீட்பது அரிது என்ற ஒரே உண்மையின்மேல் ஒரு பூட்டைச் செய்தார்கள். பூட்டுவதற்கான திறவுகோலை ஊருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். திறப்பதற்கானதை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டால் போதும். உலகத்து வங்கிகளும் அரசாங்கங்களும் பல பத்தாண்டுகளாக இவ்வகைப் பூட்டுகளையே நம்பியிருக்கின்றன.

சேந்தமங்கலமும் காளப்பநாயக்கன்பட்டியும் கடந்து காரவள்ளிக்கு வந்ததும் மலை தொடங்கிவிடுகிறது. எழுபது கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கிறது. பேருந்து ஒரு முறை கீழே சமவெளியைக் காட்டி, மறுமுறை பாறையைக் காட்டி, மூன்றாம் முறை பனிமூட்டத்தைத் தவிர வேறொன்றும் காட்டாமல் ஏறிக்கொண்டேயிருக்க, என் மருமகன் சன்னலோரம் அமர்ந்து காட்டுச் சரிவுகளையே பார்த்துக்கொண்டு வந்தான். அந்தத் தார்ச்சாலையை அங்கங்கே குறுக்கே வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஏறும் மெல்லிய கோடுகள் சில தெரிந்தன. மோட்டார் சாலை வருமுன் மலைவாசிகள் உப்பையும் துணியையும் தலைச்சுமையாகக் கொண்டேறிய தடங்கள் அவை என்று பக்கத்தில் இருந்த பெண்மணி சொன்னாள். சோளக்காட்டில் குளிர் உடம்பைப் பிடித்தது. செம்மேட்டில் இறங்கி, இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்துவிட்டு, தேநீர் அருந்தி, நண்பர் அனுப்பியிருந்த வண்டியில் ஏறிக்கொண்டோம்.

கொல்லிமலையில் ஊர்களைவிட நாடுகளே முக்கியமானவை. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று மலை முழுவதும் நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பத்து வீடும் இருபது வீடுமாகக் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. சமவெளியில் நாடு என்னும் சொல் பெரிய ராஜ்யங்களுக்கு உரியதாகிவிட, அச்சொல்லின் பழைய பொருளை, சில ஊர்கள் சேர்ந்த சிறு பூமி என்னும் பொருளை, இம்மலை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறது. திண்ணனூர் நாட்டில் நாங்கள் கண்டவை, சரிவுகளில் படிப்படியாக வெட்டிய வயல்கள், அறுவடை முடிந்த சாமைக் காடுகள், சில்வர் ஓக் மரங்களைத் தழுவி ஏறிய மிளகுக் கொடிகள், அவற்றின் நிழலில் சிவந்து பழுத்த காப்பிச் செடிகள், அவற்றிடையே ஒரு குடியிருப்பையும் மறு குடியிருப்பையும் பிணைத்துச் செல்லும் எண்ணிறந்த ஒற்றையடிப் பாதைகள்.

மறுநாள் காலை நண்பரோடு நியாயவிலைக் கடைப் பக்கம் போனோம். அரிசி வாங்க வந்திருந்த மூதாட்டி ஒருத்தி, நெடுங்காலம் மண்ணில் வேலை செய்து ரேகை தேய்ந்த தன் விரலைக் கருவியின் கண்ணாடியில் வைத்துவிட்டு, அது பச்சை காட்டும் வரை கையை எடுக்காமல் பொறுமையாக நின்றாள். அந்த விரல் ரேகை எண்களாக மாறி, எண்கள் பூட்டப்பட்டு, மலையிறங்கி நெடுந்தூரம் சென்று, 'ஆம், இவள் இவளே' என்ற விடையோடு திரும்பி வரவேண்டும். ஆதார் முறையில் இப்பூட்டு 2048 பிட் நீளமுள்ள எண்ணால் செய்யப்பட்டது. நம் எழுத்தில் எழுதினால் ஏறக்குறைய 617 இலக்கங்கள் வரும். பெருக்கற்கணக்கை மீட்பதன் அருமையை நம்பிய அதே பூட்டு. ஆராய்ச்சியாளர் 2020-இல் பகுத்துக் காட்டிய மிகப் பெரிய எண் 829 பிட், அதாவது 250 இலக்கம். ஆகவே இன்றைய கணினிகளுக்கு 617 இலக்கம் எட்டாத தூரம் என்றான் என் மருமகன்.

"இன்றைய கணினிகளுக்கு" என்று அவன் அழுத்திச் சொன்னதன் காரணத்தை வழி நெடுக விளக்கினான். 1994-இல் பீட்டர் ஷோர் என்பவர், குவாண்டம் இயலின் விதிகளின்படி இயங்கும் கணினி ஒன்று போதிய அளவில் உருவாகுமானால், அது இவ்வெண்களைச் சிரமமின்றிப் பகுத்துவிடும் என்று நிரூபித்தார். அவ்வளவு பெரிய கணினி இன்னும் பிறக்கவில்லை. பிறந்த பின் பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிடலாகாதா என்று நான் கேட்டேன். "பூட்டிய பெட்டியைத் திருடன் இன்றே தூக்கிக்கொண்டு போய்விடுகிறான், மாமா. சாவி கிடைக்கும் வரை அதை வைத்திருப்பதில் அவனுக்கு என்ன நஷ்டம்? பெட்டிக்குள் இருப்பது நாளைக்குச் செல்லாத காகிதமாக இருந்தால் கவலையில்லை. ஒருவருடைய நோயாக, ஒருவருடைய கைரேகையாக இருந்தால் இருபது வருஷம் கழித்தும் அது அவருடையதுதானே?" என்றான் அவன். அம்மூதாட்டியின் தேய்ந்த விரலை நான் மறுபடி நினைத்துக்கொண்டேன். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்றிக்கொள்ள வழியில்லை.

ஆகவே புதிய பூட்டுகளுக்கான தேட்டம் உலகெங்கும் நடைபெறுகிறது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனம் 2016-இல் அனைத்துலக அறிஞர்களுக்கும் அறைகூவல் விடுத்தது. முறைகளை வெளிப்படையாகச் சமர்ப்பிக்க வேண்டும், எவர் வேண்டுமானாலும் அவற்றை உடைத்துப் பார்க்கலாம் என்பதே நிபந்தனை. முதற்சுற்றில் 69 முறைகள் ஏற்கப்பட்டன. பல வருஷம் உடைத்துப் பார்த்த பிறகு, 2024 ஆகஸ்டில் மூன்று முறைகள் தரமாக அறிவிக்கப்பட்டன; அவற்றில் இரண்டு லாட்டிஸ் என்னும் புள்ளிச்சட்டக் கணிதத்தைச் சார்ந்தவை. இது என்னவென்று நான் கேட்ட இடம் நண்பர் வீட்டு வாசல். மார்கழியாதலால் அவ்வீட்டு அம்மையார் புள்ளி வைத்துக் கோலம் இட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தப் புள்ளிகளைப் பாருங்கள், மாமா. எந்தப் புள்ளியிலும் சேராமல் ஓரிடத்தில் ஒரு மாப்பொட்டு சிந்தியிருக்கிறது. அதற்கு மிக அருகில் உள்ள புள்ளி எது என்று உங்களால் உடனே சொல்ல முடியும், ஏனென்றால் கோலம் தரையில் இருக்கிறது, தரைக்கு நீளம் அகலம் என்ற இரண்டு திசைதான். ஐந்நூறு திசை, எழுநூறு திசை உள்ள வாசலில் கோலம் போட்டு, புள்ளி வைத்த ஒழுங்கையும் நேராகச் சொல்லாமல் கோணல்மாணலான சில அளவுகளால் மட்டும் சொல்லி, சிந்திய மாப்பொட்டுக்கு அருகில் உள்ள புள்ளி எது என்று கேட்டால்?" என்றான். குவாண்டம் கணினியாலும் இதற்கு விடை காண விரைந்த வழி இதுவரை ஒருவருக்கும் தெரியவில்லையாம். 1996-இல் அய்டாயும் 2005-இல் ரெகெவும் இவ்வழியைத் திறந்துவைத்தவர்கள். சிக்னல் என்னும் செய்திச் செயலி 2023 முதலே இவ்வகைப் பூட்டைப் பழைய பூட்டோடு சேர்த்துப் போட்டு வருகிறது. அம்மையார் கோலத்தை முடித்து நிமிர்ந்து, "இவ்வளவு விஷயம் இதில் இருக்கிறதா?" என்றார், உண்மையான வியப்போடு.

ஆனால் அவன் மனம் தோய்ந்த வழி அதுவன்று. அது எது என்பதை அன்று பிற்பகல், நண்பரின் அண்டை வீட்டுப் பெரியவரோடு காட்டுக்குள் நடந்தபோதுதான் அறிந்தேன். எழுபதைக் கடந்தவர், செருப்பின்றி நடப்பவர், மோட்டார் சாலையைவிடத் தடங்களையே நம்புகிறவர். பாதை ஓரிடத்தில் மூன்றாகப் பிரிந்தது. ஒன்றில் நடந்தோம், அதுவும் சிறிது தூரத்தில் பிரிந்தது. இவ்விதம் ஆறேழு முறை திரும்பிய பிறகு, புறப்பட்ட இடம் எத்திசையில் இருக்கிறதென்றே எனக்குப் புலப்படவில்லை. என் மருமகன் நின்றுவிட்டான்.

"இதுதான், மாமா, என் கணக்கு" என்றான். நீள்வட்ட வளைவரைகள் என்று கணிதத்தில் ஒரு வகைப் பொருள்கள் உண்டு. அவற்றுள் சூப்பர்சிங்குலர் என்னும் இனத்தைச் சேர்ந்தவற்றை ஊர்களாகப் பாவித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ஐசோஜெனி என்ற உருமாற்றங்களைப் பாதைகளாகப் பாவித்தால், ஒவ்வோர் ஊரிலிருந்தும் மூன்று பாதைகள் பிரியும் ஒரு பெரும் வலைப்பின்னல் கிடைக்கிறது. 256 பிட் நீளமுள்ள ஒரு பகா எண்ணைக் கொண்டு இதை அமைத்தால் ஊர்களின் தொகை ஏறக்குறைய ஒன்றுக்குப் பின் 76 பூஜ்யங்கள். இவ்வளவு பெரிய தேசத்தில் ஒருவன் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு, பிரிவுதோறும் தன் இஷ்டப்படி திரும்பிச் சில நூறு அடிகள் நடந்தானானால், அவன் எவ்வூரிலும் இருக்கக்கூடும். எல்லா ஊர்களுக்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு. புறப்பட்ட ஊரையும் போய்ச் சேர்ந்த ஊரையும் உலகத்தார் அனைவருக்கும் சொல்லிவிடலாம். நடுவில் நடந்த தடத்தை மட்டும் கண்டுபிடிக்க ஒருவராலும் ஆகாது. அத்தடமே திறவுகோல்.

சில நூறு அடிகளுக்குள் அவ்வளவு பெரிய தேசம் முழுவதும் பரவிவிட முடியும் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்டேன். ஏனெனில், இம்மலையில் அவ்விதம் நடவாது. இங்கே இருநூறு திருப்பம் திரும்பினாலும் திண்ணனூர் நாட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்போம், பள்ளமும் ஓடையும் நம்மைத் திருப்பி அனுப்பிவிடும். அவன் முகம் மலர்ந்தது. "சரியான கேள்வி. அந்த உறுதியைத் தருவது நேற்றுக் காலை நாம் பார்த்த கோயிலோடு சம்பந்தப்பட்டவர்" என்றான்.

1916-இல் இராமானுஜன் ஒரு கட்டுரையில் டௌ என்ற எழுத்தால் குறிக்கும் எண் வரிசை ஒன்றை ஆராய்ந்து, அவ்வரிசையிலுள்ள எண்கள் இன்ன எல்லையை மீறா என்று ஊகித்தார், நிரூபணம் தரவில்லை. டெலீன் என்ற பெல்ஜிய நாட்டு அறிஞர் 1974-இல் நிரூபித்தபோது இராமானுஜன் மறைந்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்வூகத்தின் இனத்தைச் சேர்ந்த தேற்றங்களைக் கொண்டு, எவ்விடத்திலும் தேங்காமல், எந்தக் குடியிருப்பும் தனித்து மூலையில் ஒதுங்காமல், நடப்பவனை மிக விரைவாக எங்கும் பரப்பிவிடும் வலைப்பின்னல்களை அமைக்கலாம் என்று 1988-இல் லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சார்னாக் என்ற மூவர் காட்டி, அவற்றுக்கு இராமானுஜன் கோட்டுருக்கள் என்றே பெயரிட்டார்கள். சூப்பர்சிங்குலர் வலைப்பின்னலும் அவ்வினத்ததே. இதில் நடப்பதைக் கொண்டு மறையீட்டுக் கருவி செய்யலாம் என்று சார்ல்ஸ், கோரன், லாட்டர் என்பவர்கள் இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் முன்மொழிந்தார்கள். கும்பகோணத்தில் சிலேட்டுப் பலகையில் எழுதி முழங்கையால் அழித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், எந்த உபயோகத்தையும் கருதாமல் கண்ட ஒரு நியமம், நூறாண்டு கடந்து, நாளைய உலகத்தின் ரகசியங்களுக்கு வேலியாகக்கூடும் என்பதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே மெய் சிலிர்த்தது.

அவனுக்கு ஒரு விளையாட்டுத் தோன்றியது. பெரியவரும் நானும் களத்துமேட்டில் அமர்ந்திருக்க, தான் மட்டும் வேறு வழியாகச் சுற்றி வருவதாகவும், எவ்வழியாக வந்தான் என்று பெரியவர் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டு மறைந்தான். அரை மணியில் மூச்சு வாங்க வந்து நின்றான். பெரியவர் தலை முதல் கால் வரை ஒரு தரம் பார்த்தார்.

"தம்பி ஓடையைத் தாண்டி, அக்கரைத் தரிசு வழியா மேல ஏறி, காப்பித் தோட்டத்துக்குள்ள பூந்து வந்திருக்குதுங்க" என்றார்.

"எப்படிப் பெரியவரே?" என்றேன்.

"செருப்புல வெள்ளை மண்ணுங்க, அது ஓடைக்கரையில மட்டுந்தான் உண்டு. முழங்கால் மட்டும் நாயுருவி ஒட்டியிருக்குது பாருங்க. ஆடு மேயாத தரிசு அது ஒண்ணுதான். தோள்ல காப்பி எலை ஈரம். அப்புறம் வேற எப்படிங்க வரமுடியும்?"

மருமகன் குனிந்து தன் கால்சட்டையில் ஒட்டியிருந்த நாயுருவி விதைகளைப் பார்த்தான். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெல்ல, "எஸ்.ஐ.டி.எச். விழுந்ததும் இப்படித்தான், மாமா" என்றான்.

2011-இல் ஜாவோ, டி ஃபியோ என்ற இருவர் இவ்வலைப்பின்னலைக் கொண்டு அமைத்த திறவுகோல் பரிமாற்ற முறைக்கு அப்பெயர். இருவர் ஒரே ஊரிலிருந்து தனித்தனித் தடங்களில் நடந்து, சேர்ந்த ஊர்களை ஒருவருக்கொருவர் சொல்லி, பின் மற்றவரின் ஊரிலிருந்து தம் தடத்தை மீண்டும் நடந்தால், இருவரும் ஒரே இடத்தில் கூட வேண்டும். அவ்விதம் கூடுவதற்கு, ஊரின் பெயரோடு சில துணைப்புள்ளிகளின் விவரங்களையும் அவர்கள் வெளியிட வேண்டியிருந்தது. அவ்விவரங்களால் தடம் புலப்படாது என்றே பதினோரு ஆண்டுகள் பெரும்பாலோர் நம்பினர். 2022 ஜூலை முதல் வாரத்தில் முன்சொன்ன அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனம் இதன் வழிவந்த 'சைக்' என்ற முறையைப் போட்டியின் நான்காம் சுற்றுக்கு ஏற்றுக்கொண்டது. அம்மாத இறுதியில் பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து காஸ்ட்ரிக், டெக்ரூ என்ற இருவர், கனடாவின் எர்ன்ஸ்ட் கனி 1997-இல் நிறுவிய தேற்றம் ஒன்றை அத்துணைப்புள்ளிகளோடு பொருத்தி, சாதாரணக் கணினியின் ஒற்றைச் செயலியில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அப்பூட்டைத் திறந்து காட்டிவிட்டார்கள். வலைப்பின்னல் பொய்க்கவில்லை, தடம் காண்பது இன்றும் அரிதுதான். நடந்தவன் காலில் ஒட்டியிருந்த விதைகளே அவனைக் காட்டிக்கொடுத்தன.

அவ்வருஷம் அவன் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. அம்முறையின்மேல் அவன் எழுதி வைத்திருந்தவை யாவும் ஒரே இரவில் வீணாயின. மூன்று நாள் அறையை விட்டு வெளிவரவில்லை என்று என் தங்கை அப்போது சொன்னது எனக்கு நினைவிருக்கிறது; காரணம் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. இப்போது அவன் அதைச் சொன்ன விதத்தில் மனத்தாங்கல் இல்லை. "திருடன் கையில் விழுந்திருந்தால் அவன் சத்தமின்றிப் பயன்படுத்தியிருப்பான். உலகம் பார்க்க விழுந்தது நல்லதாயிற்று" என்றான். இச்சாஸ்திரத்தில் நான் மிகவும் போற்றுவது இந்தக் குணத்தையே. ரகசியத்தைக் காக்கும் கலை, தன் முறைகளில் எதையும் ரகசியமாக வைத்துக்கொள்ள மறுக்கிறது. தன் பூட்டை எவர் கண்ணுக்கும் காட்டாமல், நம்புங்கள் என்று மட்டும் சொல்லுகிற வியாபாரியையும் அதிகாரியையும் நாம் நம்ப வேண்டியதில்லை என்பதற்கு அந்த ஒரு மணி நேரமே தக்க சாட்சி.

அதன்பின் நடந்ததுதான் அதிசயம். எஸ்.ஐ.டி.எச்-ஐ வீழ்த்திய அதே தேற்றத்தைக் கருவியாகக் கொண்டு, ஐசோஜெனிப் பாதைகளைச் சுருக்கமாகவும் விரைவாகவும் குறிக்கும் வழிகளை அறிஞர்கள் கண்டுகொண்டார்கள். 2020-இல் தோன்றிய 'எஸ்கியூஐசைன்' என்ற மின்கையொப்ப முறை இதனால் புத்துயிர் பெற்றது. தடம் தனக்குத் தெரியும் என்பதை, தடத்தைக் காட்டாமலே நிரூபித்துக் கையொப்பம் இடுவது அதன் தத்துவம். துணைப்புள்ளிகளை வெளியிட வேண்டிய அவசியம் அதற்கில்லை. என் மருமகன் இப்போது பாடுபடுவது அதில். 2024-இல் தரமாக அறிவிக்கப்பட்ட புள்ளிச்சட்டக் கையொப்ப முறையில் ஒரு கையொப்பத்துக்குக் குறைந்தது 2420 பைட் வேண்டும். இதிலோ 148 பைட் போதும். கணினியில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகுமாதலால், முன்னது ஒரு பக்கத் தமிழ், பின்னது ஒரு வரித் தமிழ். கையொப்பம் இட நேரம் கூடுதலாகிறது, கணிதம் கடினம், பிழையின்றி எழுதுவது அதனினும் கடினம் என்ற குறைகளை அவன் மறைக்கவில்லை. எனினும், நண்பர் வீட்டில் கைப்பேசிக்குத் திண்ணையின் தென்மூலையில் நின்றால்தான் அலைவரிசை கிடைக்கும் என்பதை இரண்டு நாள் அனுபவித்த எனக்கு, ஒரு பக்கத்துக்கும் ஒரு வரிக்கும் உள்ள வேற்றுமை ஏட்டுக் கணக்காகத் தோன்றவில்லை.

நம் அரசாங்கமும் இத்துறையில் வாளா இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் 6003.65 கோடி ரூபாய்க்குத் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு அனுமதி அளிக்கப்பட்டது. அதில் குவாண்டம் செய்தித்தொடர்புக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது. ஒளித்துகள்களிலேயே திறவுகோலை ஏற்றி அனுப்பும் முறையை, 2022-இல் பிரயாகைக்கும் விந்தியாசலத்துக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் தில்லி ஐ.ஐ.டி.யும் செய்து காட்டின. இவை பெருமைக்குரியவை. ஆனால் அம்முறைக்கு ஒளியிழையும் விசேஷக் கருவிகளும் வேண்டும். ராணுவத்துக்கும் பெரிய வங்கிகளுக்கும் அவை கிட்டும். நியாயவிலைக் கடை வாசலில் நின்ற மூதாட்டியின் விரல் ரேகையைக் காக்கப்போவது, எந்தப் பழைய கருவியிலும் ஏறி உட்காரத்தக்க கணிதமே என்பது என் அபிப்பிராயம். அதற்கு வேண்டிய மூலதனம், பிள்ளைகளின் மூளையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார் உழைப்பும்.

ஐந்தாம் நாள் காலை புறப்பட்டோம். பெரியவர் ஒரு சிறு பையில் மிளகு கொண்டுவந்து கொடுத்து, "தம்பி, கணக்கு முடிஞ்சதும் ஒரு தரம் வந்து சொல்லிட்டுப் போங்க" என்றார். வழியில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் பனியில் வரிசையாக ஒற்றையடிப் பாதையில் இறங்கிவருவதைப் பார்த்துக்கொண்டே என் நண்பர் சொன்னார்: "இராமானுஜன் படத்தை எங்கள் பள்ளிகளில் மாட்டியிருக்கிறோம், டிசம்பர் 22 வந்தால் மாலையும் போடுகிறோம். அவர் செய்த கணக்கு என்னவென்று ஒரு பிள்ளை கேட்டால், கையில் எடுத்துக் கொடுக்கத் தமிழில் ஒரு புத்தகம் வேண்டுமே."

என் மருமகனைப் போல் இக்கணிதத்தைப் பயின்ற தமிழ் இளைஞர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் பலர் இருக்கிறீர்கள். கொல்லிமலைப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, கோலப் புள்ளியையும் காட்டுத் தடத்தையும் துணையாகக் கொண்டு தானே படித்து அறிந்துகொள்ளத்தக்க நூல் ஒன்றை, உங்களில் யாரேனும் ஒருவர் இவ்வாண்டுக்குள் எழுதித் தர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.